ஜிடி-ஆரா, ஜிடி3யா?

கொழும்பு வெள்ளவத்தையில் கார்ப் பைத்தியம் பிடித்த பொடியன்கள் கூடினால் இந்த வாக்குவாதம் வராமல் போகாது: நிசான் ஜிடி-ஆர் ஆர்35 நல்லதா, 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 நல்லதா?

வலுவைப் பார்த்தால் ஜிடி-ஆர்தான் முந்தும். 3.8 லீற்றர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின், அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் இரட்டை டர்போ, 2017 மாடலில் சுமார் 570 குதிரைவலு. நான்கு சில்லுக்கும் வலு போவதால், மழையில் கொழும்பின் காலி வீதி வழுக்கும் நாளிலும் நம்பிக்கையோடு மிதிக்கலாம். ஒவ்வொரு எஞ்சினையும் ஒரே வினைஞர் கையால் பூட்டி, தன் பெயர்த் தகட்டை அதில் பதித்திருப்பார். எனக்கு அதில் தனி மரியாதை. பின்னால் சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கையும் உண்டு.

ஜிடி3க்கு 510 குதிரைவலுதான், டர்போவும் இல்லை. ஆனால் பின்புறம் இருக்கும் அந்த 4 லீற்றர் எஞ்சின் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) வரை ஏறும். கால் கேட்டதை உடனே கொடுக்கும். ஜிடி-ஆரைவிட ஏறத்தாழ 300 கிலோ எடை குறைவு, வளைவில் அது நன்றாகவே தெரியும். பின்சிறகைத் தாங்கும் கம்பிகள் அன்னத்தின் கழுத்துப்போல் மேலிருந்து வளைந்து பிடிக்கின்றன. அதனால் சிறகின் அடியில் காற்று தடையின்றி ஓடி, காரை வீதியோடு அமுக்குகிறது. மூக்கு மிகத் தாழ்வு என்பதால், நம்மூர் வேகத்தடைகளுக்கு முன்பக்கத்தை உயர்த்தும் வசதியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையிலேயே மணிக்கு 100 கிலோமீற்றர்தான் எல்லை. அந்த வேகத்துக்குள் எஞ்சினை ரசிக்க ஜிடி3தான் சரி, அதுவும் மனுவல் கியரோடு.