எக்ஸிஃப்டூல்: போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் விலாசத்தைக் காட்டும் இலவசக் கருவி

குன்னூரில் ஒரு வீட்டு வாசலில் வைத்து எடுத்த பழைய சோபாவின் படம். விற்பனைக்காக ஈமெயிலில் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது சோபா, பின்னால் ஒரு சுவர், ஓரத்தில் ஒரு பூந்தொட்டி. அதே ஃபைலை எக்ஸிஃப்டூல் மேல் இழுத்துப் போட்டால் கருப்புத் திரையில் வரி வரியாக ஓடுகிறது: மொபைலின் மாடல், எடுத்த நாள், நொடி வரைக்கும் நேரம், அதற்கும் கீழே ஜிபிஎஸ். வடக்கே 11 டிகிரி 21 நிமிடம், அதன் பிறகு நொடிக்கணக்கு இரண்டு தசமம் வரை. அட்சரேகையில் ஒரு நொடி என்றால் தரையில் சுமார் 31 மீட்டர். திறந்தவெளியில் நல்ல மொபைலின் ஜிபிஎஸ் 5 மீட்டர் வட்டத்துக்குள் சரியாகவே சொல்லும். அந்த எண்ணை மேப்பில் ஒட்டினால் சோபா இருக்கும் வீட்டின் கூரை தெரியும்.

எக்ஸிஃப்டூலை கனடாவின் ஃபில் ஹார்வி 2003-இல் வெளியிட்டார். இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே வருகிறார், முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எக்ஸிஃப் என்ற தகவல் முறை அதைவிடப் பழையது. 1995-இல் ஜப்பானில் டிஜிட்டல் கேமராக்களுக்காக உருவானது. படத்தோடு எடுத்த விவரமும் சேர்ந்தே இருந்தால் போட்டோகிராபருக்கு வசதி என்பதுதான் அதன் நோக்கம். மொபைலில் ஜிபிஎஸ் வந்த பிறகு அதே பெட்டிக்குள் வீட்டு விலாசமும் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கருவியை நாங்கள் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் நீக்கும் வேலை இல்லை, காட்டும் வேலை. ஆன்லைனில் கிடைக்கும் பல நீக்கிகள் 'முடிந்தது' என்று மட்டும் சொல்லும். எது இருந்தது, எது போனது என்று சொல்லாது. போதாததற்கு, மறைக்க நினைக்கும் படத்தையே முன்பின் தெரியாத சர்வருக்கு முதலில் அனுப்பச் சொல்லும். எக்ஸிஃப்டூல் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை செய்கிறது. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். மழைக்காலத்தில் நாள்கணக்கில் சிக்னல் இல்லாமல் இருக்கும் கோத்தகிரிச் சரிவு கிராமங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நிறுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸுக்கான ஜிப் ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒரு புரோகிராமும், 'எக்ஸிஃப்டூல் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரும் இருக்கும். பலர் புரோகிராமை மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்துவிட்டு, ஓடவில்லை என்று கைவிடுகிறார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஓடும். புரோகிராமின் பெயரில் அடைப்புக்குறிக்குள் ஒரு கோடும் 'கே' எழுத்தும் இருப்பதை மாற்றாதீர்கள். அது இருப்பதால்தான் விவரம் காட்டிய பிறகு திரை மூடிக்கொள்ளாமல் நிற்கிறது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் கட்டளை எதுவும் டைப் செய்ய வேண்டாம், படத்தை அதன் மேல் இழுத்துப் போட்டால் போதும்.

நீக்குவதற்கும் டைப் செய்யாத வழி இருக்கிறது. புரோகிராமுக்கு ஒரு ஷார்ட்கட் போடுங்கள். ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் 'டார்கெட்' கட்டத்தின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு, ஆங்கிலத்தில் 'ஆல்', ஒட்டினாற்போல ஒரு சமக்குறி. அவ்வளவுதான். இனி அந்த ஷார்ட்கட் மேல் எந்தப் படத்தைப் போட்டாலும் உள்ளே இருக்கும் விவரங்கள் போய்விடும். படத்தின் புள்ளிகளைத் தொடுவதில்லை, மறுபடி சுருக்குவதும் இல்லை. அதனால் தரம் ஒரு துளியும் குறையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் குறுக்குவழியைவிட இது மேல் என்று சொல்வது இதனால்தான்.

மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. முதலாவதுதான் ஆபத்தானது. எக்ஸிஃப்டூல் பழைய ஃபைலை அழிப்பதில்லை. பெயரின் கடைசியில் 'ஒரிஜினல்' என்று சேர்த்து அதே ஃபோல்டரில் வைத்துவிடும். போட்டோ பார்க்கும் ஆப்பில் அது தெரியாது. ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து கொடுத்தால், சுத்தம் செய்த படமும் செய்யாத படமும் சேர்ந்தே போகும். அனுப்ப வேண்டியதைத் தனி ஃபோல்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நெட்டுக்குத்தாக எடுத்த படம் நீக்கியதும் படுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் எக்ஸிஃபுக்குள்தான் இருந்தது. படம் பார்க்கும் ஆப்பில் முதலிலேயே திருப்பி சேவ் செய்துவிட்டு, பிறகு நீக்குங்கள். மூன்றாவது, ஐபோன் படங்களின் நிறம் கொஞ்சம் வெளிறிப்போகலாம். நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நிற ப்ரொஃபைலும் சேர்ந்து போவதுதான் காரணம். சோபாவுக்குப் பரவாயில்லை. தேயிலைச் சரிவின் பச்சையை அச்சுக்குக் கொடுப்பவர்கள் நிற ப்ரொஃபைலை மட்டும் விட்டுவைக்கும் கட்டளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் படத்தை மறுபடி முதல் புரோகிராம் மேல் போட்டுப் பாருங்கள். படத்தின் அகலம், உயரம், ஃபைல் அளவு போன்ற வரிகள் மட்டும் மிஞ்ச வேண்டும். ஜிபிஎஸ் என்று ஒரு வரி இருந்தாலும் வேலை முடியவில்லை.

விண்டோஸிலேயே ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அவசரத்துக்கு உதவும். ஆனால் தன்னால் நீக்க முடிந்ததை மட்டுமே நீக்குகிறது. மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸிஃப்டூல்தான் வேண்டும். ஐபோன்காரர்களுக்கு இன்னும் எளிது: ஷேர் தொட்டதும் மேலே வரும் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே லொகேஷனை அணைத்துவிடலாம். ஐஓஎஸ் 13 முதல் இது உண்டு. தினசரி அனுப்புவதற்கு இதுவே போதும். ஆண்ட்ராய்டில் ஸ்கிராம்பிள்ட் எக்ஸிஃப் என்ற இலவச ஆப் நல்லது. படத்தை முதலில் அதற்கு ஷேர் செய்தால், சுத்தம் செய்து மறுபடி ஷேர் திரையைத் திறக்கும். ஃபைல் பெயரையும் மாற்றிவிடும். பல மொபைல்கள் ஃபைலுக்கு வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என்றே பெயர் வைக்கின்றன. உள்ளே எல்லாம் துடைத்துவிட்டு வெளியே தேதியை எழுதி ஒட்டி அனுப்புகிறோம்.

வாட்ஸ்அப் பற்றித்தான் அதிகக் குழப்பம். போட்டோவாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும். 'டாகுமெண்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும். எஸ்டேட் புரோக்கர்களும் ஹோம்ஸ்டேக்காரர்களும் படம் தெளிவாக வேண்டும் என்று டாகுமெண்டாகத்தான் அனுப்புகிறார்கள். ஈமெயில் இணைப்பும் எதையும் துடைக்காது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் பார்க்கும் படத்தில் லொகேஷன் இருக்காது. நிறுவனத்தின் கைக்கு என்ன போனது என்பது வேறு கணக்கு.

தேவையில்லாத பயம் ஒன்றும் உண்டு. மொபைல் நம்பரும், ஒவ்வொரு மொபைலுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணும் படத்துக்குள் இருக்கும் என்று சொல்கிறார்கள். எக்ஸிஃபில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆனால் கேனான், நிக்கான் போன்ற பெரிய கேமராக்கள் தங்கள் சீரியல் நம்பரை எழுதுகின்றன. வேறு பெயரில் வெளியிட்ட படத்தையும் சொந்தப் பெயரில் வெளியிட்ட படத்தையும் அந்த எண் இணைத்துவிடும். ஐபோன் கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும் டிகிரிக் கணக்கில் எழுதுகிறது. மலையில் கடல்மட்ட உயரமும் துப்பு கொடுக்கும். தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர். ஜிபிஎஸ்ஸில் உயரத்தின் பிழை அதிகம்தான் என்றாலும், ஒரு படம் ஊட்டியிலா மேட்டுப்பாளையத்திலா என்று பிரித்துச் சொல்ல அது தாராளம்.

இது ஏதோ கற்பனை ஆபத்து இல்லை. 2012 டிசம்பரில், மத்திய அமெரிக்க நாடான பெலிஸின் போலீஸ் விசாரணைக்குத் தேடிய, மெக்காஃபி ஆன்டிவைரஸை உருவாக்கிய ஜான் மெக்காஃபியின் படத்தை வைஸ் பத்திரிகை வெளியிட்டது. ஐபோனில் எடுத்த படம். உள்ளே இருந்த ஜிபிஎஸ் எண்ணே அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

நீலகிரியில் மனிதர்களைவிடச் செடிக்கும் விலங்குக்கும்தான் இது பெரிய கவலை. ஒரு காட்டு ஆர்க்கிட் பூத்த மரம், ஒரு பறவைக் கூடு, சிறுத்தை குட்டி போட்ட பாறை இடுக்கு. இவற்றின் அசல் ஃபைல் நாலு குரூப் சுற்றினால் மறுநாள் அங்கே ஜீப் நிற்கும். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2030. சோலைக்குள் மரக்கூரை சிக்னலை மறைப்பதால் ஜிபிஎஸ் தடுமாறும். குறிஞ்சி பூப்பதோ திறந்த புல்வெளியில், அங்கே எண் கச்சிதமாக விழும்.

பார்த்த செடி, விலங்குகளைப் படத்தோடு பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிடுபவர்கள் இடத்தை 'அப்ஸ்க்யூர்ட்' என்று வைக்கலாம். 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டும். இங்கே அந்தக் கட்டம் ஒரு பக்கம் சுமார் 22 கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அழிவின் விளிம்பில் இருக்கும் பல இனங்களுக்குத் தளமே இப்படி மறைத்துவிடுகிறது. அங்கே மறைத்துவிட்டு, அதே படத்தை டிரைவ் லிங்க்கில் கொடுத்தால் மறைத்ததற்குப் பலன் இல்லை. அதேபோல, அசல் படத்திலிருந்து எக்ஸிஃபை நீக்கவே கூடாது. எங்கே, எந்த நாள் பூத்தது என்ற குறிப்பு நாளை ஆராய்ச்சிக்கு வேண்டும். நீக்குவது வெளியே அனுப்பும் நகலில் மட்டும்.

எக்ஸிஃப்டூலால் முடியாதவையும் உண்டு. படத்தில் கண்ணுக்குத் தெரிவதை அது தொடாது. ஜன்னலுக்குப் பின்னால் ரங்கசாமி சிகரமும் பக்கத்துத் தூண்பாறையும் தெரிந்தால், கோத்தகிரிக்காரர் எவரும் ஊரைச் சொல்லிவிடுவார். எஸ்டேட் போர்டு, வண்டி நம்பர், கண்ணாடியில் விழும் நிழல் எல்லாவற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெட்டிவிட்டோம் என்று நம்பவும் முடியாது. பிக்ஸல் மொபைல்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் கடைசியில் பழைய படத்தின் தரவு ஒட்டிக்கொண்டிருந்தது 2023 மார்ச்சில்தான் வெளியே தெரிந்தது. மோஷன் போட்டோ வைத்திருந்தால் படத்தோடு ஓரிரு நொடி வீடியோவும் பேச்சுக்குரலும் சேர்ந்திருக்கும். அதை எடுக்கும்போதே அணைத்துவிடுவது நல்லது.

பிடிஎஃப்பில் மட்டும் இந்தக் கருவியை நம்பாதீர்கள். அதில் எக்ஸிஃப்டூல் நீக்கியதைத் திரும்ப எடுக்க முடியும் என்று ஃபில் ஹார்வியே எச்சரிக்கிறார். நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்புபவர்கள், பிடிஎஃப் ஆக்குவதற்கு முன்பே படங்களைச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.