பற்றரி தரை லிஃப்ட்: வாங்கும் முன் ஸ்லிங்கைப் பாருங்கள்

ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் முதியவர்களைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற அன்றாடம் உழைப்பது, சக்கரங்களில் தள்ளிச் செல்லும், பற்றரியில் இயங்கும் தரை லிஃப்ட். பாரம் தூக்குவதில் இதைக் குறை சொல்ல முடியாது. வழக்கமான மாதிரிகள் 400 முதல் 450 இறாத்தல் வரை தாங்கும். 600 இறாத்தல் தாங்குபவை தனியாக உண்டு. ஊழியர் ஒருவர் கையால் தூக்கும் பாரத்துக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் ஆய்வாளர் 2007இல் முன்வைத்த வரம்பு 35 இறாத்தல்தான். 200 இறாத்தல் எடையுள்ளவரின் ஒற்றைக் காலே அதை நெருங்கிவிடும். "ரெண்டு பேர் பிடிச்சால் தூக்கலாம்" என்ற பேச்சை இல்லங்கள் அடியோடு விட வேண்டும்.

குறை பெரும்பாலும் ஸ்லிங்கில், அதாவது ஆளை ஏந்தித் தூக்கும் துணியில்தான். லிஃப்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு ஸ்லிங்கில் மிச்சம் பிடிப்பது கண்மூடித்தனம். ஓர் ஆளுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று சலவையில் இருக்கும்போது அவசரத்துக்குப் பக்கத்து அறையில் இருப்பதை எடுப்பார்கள், அது அளவு பெரிதாக இருக்கும், ஆள் இடைவெளியால் வழுக்குவார். கழிவறை ஸ்லிங்கில் இருக்கைப் பகுதி திறந்திருக்கும். உடலைத் தானே நிமிர்த்தி வைக்க முடியாதவருக்கு அதைப் போடவே கூடாது. பிளீச்சும் சூடான உலர்த்தியும் துணியின் பலத்தைத் தின்றுவிடும், வெளியே தெரியாது. எனவே ஒவ்வொரு முறையும் தையல், வளையம், லேபிள் மூன்றையும் பாருங்கள். லேபிள் அழிந்து அளவும் எடை வரம்பும் வாசிக்க முடியவில்லை என்றால் அந்த ஸ்லிங்கைப் பாவனையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஸ்லிங் வளையங்களின் நிறம் அழகுக்கல்ல, நீளத்தைக் காட்ட. தோளில் குட்டை வளையமும் காலில் நீளமானதும் மாட்டினால் ஆள் நிமிர்ந்து உட்காருவார், மாற்றினால் சாய்வார். இடமும் வலமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து சில அங்குலம் உயர்த்தியதும் நிறுத்தி எல்லா வளையமும் கொக்கியில் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள். தூக்கும்போது லிஃப்டின் அடிக்கால்களை அகல விரிக்க வேண்டும். அதன் பின்சக்கர பிரேக்கைப் பூட்டக்கூடாது என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுறுத்தல். எடை ஏறும்போது லிஃப்ட் தானாக நகர்ந்து நடுவுக்கு வர இடம் வேண்டும், பூட்டினால் கவிழப் பார்க்கும். நாற்காலியின் பிரேக்கோ கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும். ஸ்லிங்கை மாட்டும் தொங்கு சட்டம் ஆளின் முகத்தில் இடிப்பது சாதாரண விபத்து. இரண்டாவது ஊழியர் அதைக் கையால் பிடித்திருந்தால் தவிர்க்கலாம்.

இந்த லிஃப்டின் உண்மையான பலவீனம் தரை. கம்பளத்தில் ஆளோடு தள்ளித் திருப்பும்போது, தூக்குவதில் காப்பாற்றிய ஊழியரின் முதுகு திரும்ப அடிபடுகிறது. கம்பளம் உள்ள அறைகளுக்கும் குறுகிய குளியலறைகளுக்கும் கூரை லிஃப்ட்தான் எங்கள் தேர்வு. தண்டவாளம் பொருத்தும் செலவு கூடினாலும் தள்ளும் வேலையே இருக்காது, லிஃப்ட் தேடி நடைபாதையில் ஓடவும் வேண்டாம்.

பற்றரி இரண்டு கட்டாயம்: ஒன்று லிஃப்டில், ஒன்று சார்ஜில். முழுதாக இறங்கும்வரை ஓட்டினால் ஈய அமிலப் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். ஆள் அந்தரத்தில் நிற்கையில் லிஃப்டின் மின்சாரம் போனால் இறக்குவதற்கான அவசர விடுவிப்பு எங்கே என்பது இரவுப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விற்பனையாளர் வந்து காட்டும் பயிற்சியில் இதைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நின்று கேளுங்கள், செய்து பாருங்கள்.

மாதிரி இயந்திரத்தை ஊழியரும் நிர்வாகமும் சேர்ந்த இல்லத்தின் கூட்டுச் சுகாதாரப் பாதுகாப்புக் குழுவிடம் சில நாள் பாவிக்கக் கொடுத்த பிறகே கொள்வனவில் கையெழுத்திடுங்கள். பராமரிப்பு இல்லங்களுக்கான ஒன்ராறியோவின் 67/93 ஒழுங்குவிதிப்படி பாதுகாப்பு நடைமுறைகளை அந்தக் குழுவோடு கலந்து எழுத்தில் வைத்து, ஆண்டுக்கு ஒரு தடவையேனும் மீளாய்வு செய்ய வேண்டும். புதிய லிஃப்டின் அறிவுறுத்தலும் அந்தக் கோப்பில் ஏறட்டும்.