நாலு மணி இருட்டிலிருந்து எங்கே ஓடுவது: தெனெரீஃப், துபாய், இலங்கை

டிசம்பர் 21ஆம் திகதி லண்டனில் நாலு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால் நத்தார் விடுமுறைக்கு இடம் தேடும்போது நான் வெப்பநிலையை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். அங்கே எத்தனை மணிக்கு இருட்டுகிறது என்பதுதான் முதல் கேள்வி. துபாயில் ஐந்தரைக்கு, இலங்கையில் ஆறுக்கு, தெனெரீஃபில் ஆறே காலுக்கு. ஒவ்வொரு ஒக்டோபரிலும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மோதிக்கொள்வது இந்த மூன்று பெயர்கள்தான்.

தெனெரீஃப் ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்று. ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கிறது. விமானத்தில் நாலரை மணி நேரம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதே இல்லை, லண்டன் நேரந்தான் அங்கும். ஏழு நாள் விடுமுறையில் இது பெரிய விஷயம். இலங்கைக்குப் போனால் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் முதல் இரண்டு நாள் பிள்ளைகள் நடுச்சாமத்தில் பசி என்று எழும்புவார்கள்.

ஆனால் தெனெரீஃப் என்றதும் நீச்சலுடையை மட்டும் கட்டிக்கொண்டு புறப்படாதீர்கள். டிசம்பரில் பகலில் 20 முதல் 22 பாகை வரைதான். கடல் நீரும் 20 பாகைக்கு அருகில், கால் வைத்ததும் சிலிர்க்கும். தீவின் எந்தப் பக்கத்தில் தங்குகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். நடுவில் 3,715 மீற்றர் உயரத்தில் தெய்தே எரிமலை நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை அது மறித்துவிடுவதால் வடக்குப் பக்கம் பச்சையும் மேகமுமாக இருக்கும், தெற்குப் பக்கம் காய்ந்து வெளித்திருக்கும். வெயிலுக்காகப் போகிறவர்கள் லொஸ் கிறிஸ்தியானோஸ் போன்ற தெற்குக் கரையில் தங்க வேண்டும். வடக்கில் வாடகை மலிவு என்று பதிவு செய்துவிட்டு மழையைத் திட்டுவதில் பயனில்லை.

சாப்பாடு எங்கள் நாக்குக்கு அந்நியமில்லை. சுருங்கும்வரை உப்புநீரில் அவித்த சின்ன உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள மிளகாயும் உள்ளியும் சீரகமும் சேர்த்து அரைத்த சிவப்பு மோஹோ. சம்பலின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பெரிய பரிசு நாள் ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களின் திருநாள். முதல்நாள் மாலை ஊர்வலத்தில் மிட்டாய் எறிவார்கள். பாடசாலை தொடங்கும் திகதி இடம்கொடுத்தால் நத்தார் வாரத்தை விட்டுப் புதுவருட வாரத்தில் போவதையே நான் விரும்புவேன்.

துபாய்க்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஏழு மணி நேரப் பறப்பு, பகலில் 25 பாகை, மழைக்கு வாய்ப்புக் குறைவு, இந்தியக் கடைகள் நிறைந்த கராமாப் பகுதியில் இறங்கினால் இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. வெயில் ஒன்றே குறி என்றால் மூன்றிலும் நம்பகமானது இதுதான். ஆனால் புதுவருட இரவுக்கு அறை வாடகை ஏறும் வேகத்தைப் பார்த்தால் வாணவேடிக்கைச் செலவை நாங்களே கட்டுகிறோமோ என்று தோன்றும். புர்ஜ் கலிஃபாவைச் சுற்றியுள்ள வீதிகளையும் அன்று மாலையிலேயே மூடத் தொடங்கிவிடுவார்கள். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் மருந்துப் பையைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். இங்கே மருந்துக்கடையில் சாதாரணமாக வாங்கும் கோடீன் கலந்த வலிமாத்திரைகூட அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. முன்னனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

இனி இலங்கை. ஊருக்குப் போவதை விடுமுறை என்று சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அது கடமை, ஆசை, கணக்குத் தீர்த்தல் எல்லாம் சேர்ந்த வேறொன்று. ஒரு வீட்டில் தேநீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் குடிக்காமல் திரும்பினால் அது பத்து வருடக் கதையாகிவிடும். அதோடு, டிசம்பர் வடக்கும் கிழக்கும் நனையும் மாதம். வடகீழ்ப் பருவக்காற்று ஓயாத நேரத்தில் யாழ்ப்பாணத்தில் கடலாட நினைப்பது வீண். விடியற்காலைத் திருவெம்பாவையும் நிறைந்த கேணிகளும் பச்சை வயல்களும் வேண்டுமென்றால் அதைவிட நல்ல காலம் இல்லை.

வெயில் வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம், தெற்குக் கரைக்குப் போக வேண்டும். காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் அப்போதுதான் தெளியத் தொடங்கும். கொழும்பில் பகல் 30 பாகையைத் தொடும். மிரிஸ்ஸவில் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை படகேறி நீலத்திமிங்கிலம் பார்க்கப் போகலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து காலிக்கு நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். யாழ்ப்பாணத்துக்கு ஏழெட்டு மணி நேரம். இரண்டையும் ஒரே வாரத்தில் அடக்கப் பார்த்தவர்கள் வாகனத்திலேயே விடுமுறையைக் கழித்திருக்கிறார்கள். மலைநாட்டுப் பக்கம் போகிறவர்கள் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் செய்த அழிவை மறக்கக் கூடாது. பாதையும் ரயிலும் ஓடுகின்றனவா என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள்.

பணக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று பிரித்தானியாவிலிருந்து புறப்படும்போது டிக்கெட்டில் சேரும் விமானப் பயண வரி. 2026 ஏப்ரல் முதல் சாதாரண வகுப்பில் ஸ்பெயினுக்கு ஆளுக்கு 15 பவுண், துபாய்க்கும் இலங்கைக்கும் 102 பவுண். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த வரி இல்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் மூவர். 45 பவுணுக்கும் 306 பவுணுக்கும் உள்ள இடைவெளியில் தெனெரீஃபில் இரண்டு நாள் சாப்பிடலாம். நத்தார் அன்றே பறந்தால் டிக்கெட் சில வேளை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அன்று லண்டனில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. டாக்ஸிக்காரர் கேட்கும் தொகையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டு வாரமும் பொறுமையும் இருக்கிறவர்கள் இலங்கைக்குப் போகட்டும். எங்களிடம் இருப்பது ஏழு நாள், ஆகவே இம்முறை தெனெரீஃப். பிள்ளைகளின் அம்மம்மா சமையலறை உள்ள வீடு எடுத்தால்தான் வருவேன் என்றார், எடுத்தாயிற்று. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பால், இறைச்சிப் பொருள் எதையும் கொண்டுபோக முடியாது என்பதால் நெய்ப் போத்தலை மட்டும் ஒரு நாள் வாதாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். மிளகாய்த்தூள் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது.