கிரப் சொல்லும் டிஸ்க்கும் லினக்ஸ் சொல்லும் டிஸ்க்கும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டின் வளவை ஒட்டிய அறையில் இருக்கும் டெபியன் லினக்ஸ் கணினி, பர்மா காலத்து லேவாதேவிப் பேரேடுகளின் ஸ்கேன் படங்களைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்டது. இயங்குதளம் எஸ்எஸ்டியிலும் படங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் உள்ளன. ஊருக்கு வரும் பங்காளிகள் பிரதி எடுக்கக் கொண்டுவரும் யுஎஸ்பி டிஸ்க்குகளும் அவ்வப்போது சேர்ந்துகொள்ளும். பல ஆண்டுகள் இதைப் பராமரித்த பிறகு, கணினியைத் துவக்கிவைக்கும் மென்பொருளான கிரப் ஒரு டிஸ்க்குக்குத் தரும் 'எச்டி0' (hd0) என்ற பெயரும் லினக்ஸ் தரும் 'எஸ்டிஏ' (sda) என்ற பெயரும் ஒரே டிஸ்க்கைத்தான் குறிக்கும் என்று எண்ணை வைத்துப் பொருத்துவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பயாஸ் (தாய்ப்பலகையில் உள்ள தொடக்க மென்பொருள்) முறையில் கிரப்புக்கு டிஸ்க்குகளின் வரிசையைத் தருவது பயாஸ். எந்த டிஸ்க்கிலிருந்து கணினி துவங்குகிறதோ அதுவே பெரும்பாலும் எச்டி0 ஆகிவிடும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோ தான் கண்டறியும் வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயரிடுகிறது. அந்த வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும் என்ற உறுதி கிடையாது. போதாக்குறைக்கு, பழைய கிரப் டிஸ்க், அதன் பிரிவான பார்ட்டிஷன் இரண்டையும் 0 முதல் எண்ணியது. கிரப் 2 டிஸ்க்கை மட்டும் 0 முதலும் பார்ட்டிஷனை 1 முதலும் எண்ணுகிறது. பழைய குறிப்புகளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

நான் நம்பியிருப்பது யுயுஐடியை, அதாவது பார்ட்டிஷனின் கோப்பு முறைமைக்கு உரிய அடையாள எண்ணை. கிரப் கட்டளைத் திரையில் 'எல்எஸ்' என்ற கட்டளையுடன் ஒரு பார்ட்டிஷனின் பெயரைக் கொடுத்தால், அதன் கோப்பு முறைமை, லேபிள், யுயுஐடி ஆகியவை தெரியும். லினக்ஸில் 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் யுயுஐடியும் அதுவேயானால் பொருத்தம் முடிந்தது, ஐயத்துக்கு இடமில்லை. கிரப் தானாக எழுதிக்கொள்ளும் அமைப்புக் கோப்பும் 'சர்ச்' கட்டளையின் வழியே யுயுஐடியைத்தான் தேடுகிறது. அதே வரியில் தென்படும் எச்டி0 தேடலை விரைவுபடுத்தும் குறிப்பு மட்டுமே என்பதால், அது பொருந்தாவிட்டாலும் துவக்கம் தடைபடுவதில்லை. ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும்: இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்குக் கொடுக்கும் கோப்பு முறைமை யுயுஐடியை கெர்னல் நேரடியாக அறியாது, துவக்கத்தின்போது நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்தான் தேடித் தருகிறது, அது இல்லாத அமைப்பில் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணான பார்ட்யுயுஐடி கொடுக்க வேண்டும்.

இந்த முறைக்கும் குறை உண்டு. 'டிடி' கட்டளை கொண்டு முழு டிஸ்க்கையும் நகலெடுத்தால் யுயுஐடியும் அப்படியே நகலாகும். மூலமும் நகலும் ஒன்றாக இணைந்திருக்கையில் எதிலிருந்து துவங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே நகலைத் தனியே இணைத்து, எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உள்ள பார்ட்டிஷன் என்றால் 'ட்யூன்2எஃப்எஸ்' கட்டளை மூலம் புதிய யுயுஐடி கொடுத்துவிடுகிறேன். மேலும், கையில் இருக்கும் டிஸ்க் எது என்பதை யுயுஐடி காட்டாது. அதற்கு லினக்ஸின் 'பை-ஐடி' (/dev/disk/by-id) அடைவில் உள்ள பெயர்கள் உதவுகின்றன. அவற்றில் டிஸ்க்கின் மாடலும் தொடர் எண்ணும் இருப்பதால், டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். கிரப்பை மறுபடி நிறுவும்போதும் எஸ்டிஏ என்று எழுதாமல் இந்தப் பெயரையே கொடுக்கிறேன்.