பழைய கேம்பர் வேனுக்குக் கையால் வண்ணம் பூச எந்தப் பெயிண்ட்? ஓர் ஒப்பீடு

பிரிட்டனின் சாலைகளில் இன்றும் காணக்கிடைக்கும் பழைய கேம்பர் வேன்களுள் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வகையின் இரண்டாம் தலைமுறைக்குத் தனி இடம் உண்டு. 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் தயாரான இந்த வேன்களை வாங்கி, சிட்மத் நகரின் டெவன், ஃபோக்ஸ்டன் நகரின் டார்மொபைல் போன்ற நிறுவனங்கள், கூரையை அறுத்து, தூக்கி நிறுத்தக்கூடிய கண்ணாடியிழை மேற்கூரையைப் பொருத்தி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்து விற்றன. அவற்றுள் மிக இளையவையே 45 வயதைத் தாண்டிவிட்டன. பணிமனையில் விட்டு, கண்ணாடிகளைக் கழற்றி, துருவேறிய தகட்டை வெட்டி மாற்றி, முழு வண்டிக்கும் வண்ணம் தெளித்து வாங்க ஆயிரக்கணக்கான பவுண்டுகள் ஆகும் என்பதால், ரோலரும் பிரஷ்ஷுமாக வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் அங்கே ஏராளம். கையால் பூசுவதென்று முடிவான பிறகு மிஞ்சும் கேள்வி எந்தப் பெயிண்டை வாங்குவது என்பதுதான். வண்டிப் பாடிக்கான எனாமல், படகுகளுக்கான சிலிக்கோன் ஆல்கைட், பெயிண்டை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கலந்து பூசும் பாலியூரித்தேன், சரக்கு வண்டித் தளத்துக்கான கரடுப்பூச்சு ஆகிய நான்கும் இந்தப் போட்டியில் நிற்கின்றன.

இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் பூசி முடித்த வாரத்தில் தெரியும் பளபளப்பை வைத்தே மதிப்பெண் போடுகிறார்கள். இந்த வேன்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் கருத்து. சக்கர வளைவுகள், கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டம், மழைநீர் வடியும் கூரை விளிம்பு, முன்கண்ணாடி ரப்பரின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தகட்டின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்திருப்பதால், இடுக்கில் தங்கும் ஈரம் எந்தப் பெயிண்டின் கீழும் துருவைக் கிளப்பியே தீரும். ஆகவே, இரண்டு மூன்று குளிர்காலங்களுக்குப் பிறகு சக்கர வளைவில் ஒரு கொப்புளம் எழும்போது, அதைச் சுரண்டி எடுத்து, மீந்த டப்பாவிலிருந்தே தொட்டுப் பூசி, ஒட்டுப்போட்டது தெரியாமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எதைத் தேர்ந்தாலும் மாறாத ஒரு நிபந்தனை உண்டு. கையால் பூசுவதற்கு உலோகப் பொடி கலவாத தனி நிறங்கள் மட்டுமே உதவும். மெட்டாலிக் பெயிண்டில் உள்ள அலுமினியத் துகள்கள் பிரஷ் போகும் திசைக்கெல்லாம் புரண்டு, திட்டுத்திட்டாகத் தெரியும். வெள்ளை, பாலேடு, இளம்பச்சை போன்ற வெளிர்நிறங்கள் ரோலர் விட்டுச்செல்லும் மேடுபள்ளத்தை மறைத்துவிடுகின்றன. கருநீலமும் கறுப்பும் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். நல்லவேளையாக, டைப் 2 வேனின் உடலை இடுப்புக் கோடும் கூரை விளிம்பும் கதவுகளும் சிறு சிறு பரப்புகளாகப் பிரித்துவிடுவதால், ஒரு பரப்பின் ஓரம் காய்வதற்குள் அதன் மறுமுனையை எட்டிவிட முடிகிறது.

வண்டி எனாமலும் படகு எனாமலும்

வண்டிப் பாடிகளுக்கென்றே தயாராகும் எனாமல் ஆல்கைட் பிசினால் ஆனது. இது காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகும் வகை என்பதால், ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க வேண்டும். முழுமையாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த மந்தம்தான் கையால் பூசுபவருக்குக் கிடைக்கும் வரம். பிரஷ்ஷின் தடங்கள் தாமாகவே பரவி மட்டமாவதற்கு நேரம் இருக்கிறது. இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய படகுகளுக்கு இன்றும் இதே வகை எனாமலைத்தான் பிரஷ்ஷால் இழுக்கிறார்கள். நாமக்கல்லில் கட்டப்படும் லாரிகளின் பாடியில் எனாமலைப் பிரஷ்ஷால் பூசும் பெயிண்டர்களைப் பார்த்தவர்களுக்கு, இது ஏதோ ஏழைக்கு ஏற்ற மாற்றுவழி என்ற எண்ணம் எழாது.

இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரண எனாமலை வெள்ளை ஸ்பிரிட் ஊற்றி நீர்க்கச் செய்து, நுண்பஞ்சு ரோலரால் பல மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, இடையிடையே வாட்டர் பேப்பரால் தேய்க்கும் முறை அமெரிக்காவில் பெயர்பெற்றது. அங்கே ரஸ்ட்-ஓலியம் எனாமலை இப்படிப் பூசியவர்கள் மிகப் பலர். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் பூச்சுகளின் எண்ணிக்கையும் தேய்ப்பு வேலையும் கூடிக்கொண்டே போவதால், நல்ல வண்டி எனாமலில் இரண்டு மூன்று பூச்சுகளில் முடியும் வேலை இதில் இருமடங்காகிறது. கூலி இல்லாத உழைப்பு என்பதற்காக அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது சரியில்லை.

வண்டி எனாமலின் உண்மையான பலவீனம் வெயில். வெட்டவெளியில் நிற்கும் வேனில், குறிப்பாகச் சிவப்பு நிறத்தில், சில ஆண்டுகளில் பளபளப்பு மங்கி, கையால் தடவினால் மாவு போல ஒட்டும் நிலை வந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் படகு எனாமல் முந்துகிறது. இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டாப்லாக் போன்ற படகு எனாமல்களில் ஆல்கைட் பிசினோடு சிலிக்கோன் சேர்க்கப்பட்டிருப்பதால், கடல் வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கிப் பளபளப்பை நெடுநாள் காக்கின்றன. நீர்மட்டத்துக்கு மேலே, பிரஷ்ஷால் பூசுவதற்கென்றே வடிவமைத்தவை என்பதால், படகு ஓட்டி மட்டுமே பழகிய கைக்கும் இவை எளிதில் அடங்குகின்றன. இவற்றின் குறை நிறப் பட்டியலில் இருக்கிறது. வண்டி எனாமலை ஐரோப்பாவின் ரால் நிற எண்ணுக்கு ஏற்பக் கலந்து வாங்கலாம். படகு எனாமலில் ஆயத்த நிறங்கள் சிலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் நிறமே வேண்டும் என்பவருக்கு இது போட்டியிலிருந்தே விலகிவிடும். நிறம் எதுவானாலும் சரி என்பவருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பேன்.

இரண்டு எனாமல்களுக்கும் பொதுவான ஒரு தொல்லை பெட்ரோல். பெட்ரோல் ஊற்றும் வாய்க்குக் கீழே வழியும் துளிகளை உடனுக்குடன் துடைக்காவிட்டால் பூச்சு இளகிக் கறை படிகிறது. இன்னொன்று, தடிமனாகப் பூசும் ஆசை. மேல்பரப்பு மட்டும் முதலில் இறுகி, அடியில் ஈரம் நின்றால், முழுப் பரப்பும் சுருங்கி மடிப்பு விழும். அதைச் சீராக்க, முழுவதும் காய்ந்தபின் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஹார்டனர் கலந்த பாலியூரித்தேன்

கடினத்திலும் பளபளப்பிலும் இதற்கு ஈடு கிடையாது. பெட்ரோல் இதை ஒன்றும் செய்யாது. முழுதாக இறுகியபின் 1500, 2000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டால், தெளிப்பான் கொண்டு அடித்த வேலையோ என்று ஐயுறும் அளவுக்குக் கொண்டுவரலாம். படகுகளுக்கான பாலியூரித்தேன்கள் ரோலராலும் பூசத்தக்கவையாகவே தயாராகின்றன.

ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ., தொழில்வழி வரும் ஆஸ்துமாவின் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாக இதைக் கருதுகிறது. இதைத் தெளிப்போர் வெளியிலிருந்து காற்று ஊட்டப்படும் முகமூடியை அணிய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், தொழில்முறையில் இதைக் கையாளுவோர் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம். ரோலரால் பூசும்போது தெளிப்பானின் மூடுபனி எழுவதில்லை என்பது உண்மையே. எனினும் ஆவியும், தோலில் படும் துளியும் அபாயமற்றவையல்ல. உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பப் போதும். மூடிய கார் ஷெட்டில், அதுவும் வீட்டோடு ஒட்டிய ஷெட்டில், இந்த வேலையைச் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த அபாயத்தை ஒதுக்கி வைத்தாலும், நான் தொடக்கத்தில் சொன்ன அளவுகோலில் இது பின்தங்குகிறது. கலந்த பெயிண்ட் சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகிவிடுவதால், உள்ளங்கை அகல ஒட்டுக்குக்கூட அளந்து கலந்து, மீதியைக் கொட்ட வேண்டியிருக்கிறது. பழைய பூச்சோடு புதியது கரைந்து கலவாததால், ஒட்டின் ஓரம் கோடாக நிற்கிறது. பணிமனைக்காரர் தெளிப்பானால் ஓரத்தை மெல்ல மங்கச் செய்து அதைச் சமாளித்துவிடுவார். பிரஷ்ஷுக்கு அந்த வித்தை கைவராது. போதாக்குறைக்கு, அடியில் பழைய எனாமல் இருந்தால் பாலியூரித்தேனின் கடுமையான தின்னர் அதைக் கிளப்பிச் சுருட்டிவிடும். எனாமல் அப்படியன்று, நன்றாகத் தேய்த்த பாலியூரித்தேனின் மேலும் அது அமர்ந்துகொள்ளும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாலியூரித்தேனுக்கு என் வாக்கு உண்டு. கண்ணாடியிழை மேற்கூரைக்குத் துரு என்பதே கிடையாது என்பதால், அடிக்கடி ஒட்டுப்போடும் தேவையும் அங்கு எழாது. நேர் வெயிலை வாங்கும் பரப்பும் அதுதான். திறந்தவெளியில், கையுறையும் தக்க முகமூடியும் அணிந்து வேலை செய்யக்கூடியவர் கூரைக்கு இதையும் கீழ் உடலுக்கு எனாமலையும் தேர்ந்தெடுக்கலாம். கூரையின் பழைய பூச்சை நீக்க இரசாயன நீக்கியைத் தொடக்கூடாது. அது கண்ணாடியிழையின் மேல்தோலையே அரித்துவிடும்.

கரடுப்பூச்சு

ராப்டர் போன்ற கரடுப்பூச்சுகளுக்கு அண்மைக் காலத்தில் நல்ல கிராக்கி. நெளிவையும் பட்டி பார்த்த தழும்பையும் மறைக்கிறது, கல் தெறித்தாலும் கலங்குவதில்லை, ரோலரின் தடம் தெரிந்தாலும் அதுவே அழகு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் இதன் ஹார்டனரிலும் ஐசோசயனேட் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அழுக்கு அந்தக் கரடில் தங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தடித்த தோலுக்குக் கீழே துரு சத்தமின்றிப் பரவி, கண்ணுக்குத் தெரியும்போது தகடே போயிருக்கும். பிறகு அந்தத் தோலை உரித்தெடுப்பது தனிப் பாடு. உள்தளத்துக்கு இது சரி. வெளியுடலுக்கு வேண்டாம்.

பூசும்போது

பெயிண்டைத் தேர்ந்தெடுக்கும் முன், ஏற்கெனவே வண்டியின் மேல் இருப்பது என்ன என்று அறிய வேண்டும். செல்லுலோஸ் தின்னரில் நனைத்த துணியால் மறைவான ஓரிடத்தில் தேய்த்தால், நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது செல்லுலோஸ் என்னும் பழைய வகைப் பெயிண்ட் அல்லது எனாமல். ஏறாவிட்டால் சூட்டில் இறுக்கிய அசல் பூச்சு அல்லது ஹார்டனர் கலந்த பூச்சு. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சுகளில் ஈயக் குரோமேட் இருந்திருக்கலாம் என்பதால், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீர் விட்டே தேய்ப்பது நலம். தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப்பசையை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பாலிஷின் சிலிக்கோனை உப்புத்தாளே தகட்டுக்குள் தேய்த்து ஏற்றி, புதிய பூச்சில் சிறு குழிகளை உண்டாக்கும்.

வெறும் தகடு தெரியும் இடமெல்லாம் இரு பகுதி எப்பாக்சி பிரைமர் பூசுவது நான் விட்டுக்கொடுக்காத ஒன்று. ஒற்றை டப்பாச் சாம்பல் பிரைமர் பெரும்பாலும் நீரை உறிஞ்சுவது. அதோடு மட்டும் ஒரு குளிர்காலம் வெளியே நின்ற வேன், வசந்தத்தில் துருவோடு எழுந்திருக்கும்.

ரோலரால் மெல்லியதாகப் பரப்பி, உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் எடையின்றி ஒரே திசையில் இழுத்துவிடுவது இருவகை எனாமலுக்கும் ஏற்ற முறை. காற்று அடிக்கும் நாளில் ஓரம் சீக்கிரம் இறுகினால், ஓவாட்ரால் எண்ணெயைச் சிறிது கலந்து நேரத்தை நீட்டலாம். பிரிட்டனின் வானிலையில் முக்கியமான எதிரி மழையைவிட மாலைப் பனி. பிற்பகலுக்குப் பின் பூசிய எனாமலில் இரவுப் பனி இறங்கினால், காலையில் பளபளப்பு போய் மந்தமாக நிற்கும். ஆகவே நண்பகலுக்குள் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். 4.5 மீட்டர் நீளமுள்ள இந்த வேனில், கண்ணாடிகள் போக, ஏறத்தாழ 20 சதுர மீட்டர் பரப்பு தேறும் என்பது என் கணக்கு; லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் பரவும் எனாமலில் ஒரு பூச்சுக்கு இரண்டு லிட்டர் போதும். கண்ணாடி ரப்பர்களைச் சுற்றித் தாள் ஒட்டிப் பூசுவதைவிடக் கழற்றிவிட்டுப் பூசுவது மேல். துரு தொடங்குவதே அந்த ரப்பருக்குக் கீழேதான்.

நிறம் மாறினால், பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

மீந்த எனாமலைப் பெரிய டப்பாவிலேயே விட்டால், உள்ளிருக்கும் காற்றால் மேலே ஏடு படிந்துவிடும். விளிம்புவரை நிரம்பும் சிறு கண்ணாடிப் புட்டிகளில் மாற்றி, மூடியை இறுக்கி, நிற எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதி வைத்தால், ஆண்டுகள் கழித்தும் ஏடெடுத்து, வடிகட்டி, கலக்கிப் பூசலாம். பாலியூரித்தேனின் ஹார்டனருக்கு இந்தப் பொறுமை கிடையாது. ஒருமுறை திறந்துவிட்டால், காற்றின் ஈரம் பட்டே அது நாளடைவில் கெட்டியாகிவிடும்.