அம்மாவின் வாயில் 'கடலைச் சம்பல்': வீட்டு ஹம்முஸ், ஐந்து வருட அனுபவம்

கத்தாரின் தோகாவில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு 2019 கடைசியில் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கங்களில் வீட்டில் எல்லோரும் சிரித்தது ஒன்றுக்குத்தான்: கொண்டைக்கடலையை அரைத்துப் பாணில் பூசித் தின்கிறான் என்று. முதல் தடவை செய்து வைத்த கிண்ணத்தை அம்மா விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "உது என்ன மோனை, கடலைச் சம்பலோ? தேங்காய்ப்பூப் போட மறந்திட்டியோ?" என்று கேட்டார். அந்தப் பெயரே வீட்டில் நிலைத்துவிட்டது. பெரிய பிழையும் இல்லை. ஹம்முஸ் என்றாலே அரபு மொழியில் கடலைதான். தஹினி என்கிற எள்ளு விழுது சேர்த்ததன் முழுப்பெயர் 'ஹம்முஸ் பி தஹினி'.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தடவையாவது செய்துவருகிறேன். பார்க்கும் செய்முறையெல்லாம் டின் கடலை, போத்தல் தஹினி, ஒலிவ் எண்ணெய் என்றுதான் தொடங்கும். இங்கே அது சரிவராது. கடையில் நிறுத்து வாங்கும் கடலை, பக்கத்துக் காணி எள்ளு, எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றோடு மல்லுக்கட்டியதைத்தான் எழுதுகிறேன்.

முதல் ஒரு வருடம் எனக்குச் சரியாக வரவேயில்லை. தோகாவில் தின்றது நாக்கில் வைத்தவுடன் வழுக்கும். என்னுடையது நறநறவென்று, ஈர மா மாதிரி இருந்தது. பிளெண்டரைத் திட்டினேன், கடைக்காரர் பழைய கடலையைத் தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் ஒரு மாதத்திலேயே வெள்ளைப் படை கட்டிவிடும். அந்தப் படைக்குக் காரணமான கல்சியம், கடலையைப் பசை மாதிரி ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் அவித்தாலும் உள்ளே ஒரு சொரசொரப்பு மிஞ்சும்.

இதை நான் நம்பியது ஒருநாள் இரண்டு சட்டி வைத்துப் பார்த்த பிறகுதான். ஒரே பையிலிருந்து அரைச் சுண்டு, அரைச் சுண்டாகக் கடலை. ஒன்றை ஊறவைத்ததும் அவித்ததும் கிணற்றுத் தண்ணீரில், மற்றதைக் குடிக்க வாங்கும், உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரில். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு கடலையை எடுத்துப் பெருவிரலால் நசித்தேன். ஆர்ஓ தண்ணீர்க் கடலை வெண்ணெய் மாதிரி வழிந்தது. கிணற்றுத் தண்ணீர்க் கடலை இரண்டாகப் பிளந்து, பிளந்த பாதி விரலுக்குக் கீழே உருண்டு ஓடியது. அதற்குப் பிறகு பிளெண்டரைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

ஆர்ஓ தண்ணீர் காசு கொடுத்து வாங்குவது. கடலை கழுவுவதற்கெல்லாம் அதை ஊற்றினால் அம்மா பேசுவார். கழுவக் கிணற்றுத் தண்ணீர், ஊறவும் அவியவும் மட்டும் ஆர்ஓ. அதோடு அப்பச்சோடா. 250 கிராம் கடலைக்கு ஊறும்போது அரைத் தேக்கரண்டி, ஊறின தண்ணீரை ஊற்றிவிட்டு அவிக்கும்போது கால் தேக்கரண்டி. சோடாவின் காரம் பெக்டினைக் கரைப்பதால் தோலும் கழன்று மேலே மிதக்கும். ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு முழுக்கரண்டி போட்டேன். "சவர்க்காரம் போட்டே அவிச்சனீ?" என்றார் அம்மா. கோழிகளுக்கும் அது பிடிக்கவில்லை. சோடா போட்டு அவித்த தண்ணீரை அரைக்கவும் பாவிக்காதீர்கள், அதே வாடை வரும். குக்கரில் அவிப்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதலில் மூடாமல் கொதிக்கவிட்டு நுரையையும் மிதக்கும் தோலையும் அகப்பையால் வழித்து எடுத்துவிட்டு மூடுங்கள். தோல் போய் விசில் துவாரத்தை அடைத்தால் ஆபத்து. தேசிக்காய்ப் புளியை அவியும்போது சேர்க்கவே கூடாது. புளிப்பில் கடலை இளகாது.

அடுத்தது எள்ளு. இந்த விஷயத்தில் வன்னிக்காரருக்குக் கொஞ்சம் கொழுப்பு இருக்கலாம், தப்பில்லை. காலபோக நெல் வெட்டின பிறகு சிறுபோகத்தில் எள்ளு விதைக்கிற காணிகள் எங்கள் பக்கம் உண்டு. அடுத்த வீட்டு மாமியும் விதைக்கிறவர். கடைப் பைக்கற்று எள்ளோடு ஒப்பிட்டால் அவர் தரும் எள்ளின் மணம் வேறு. ஆனால் அது கறுப்பெள்ளு. தோலோடு வறுத்து அரைத்தேன். வந்தது சரியான சீமெந்து நிறம், கைப்பு வேறு. தங்கச்சியின் மகன் எட்டிப்பார்த்துவிட்டு, "மாமா, சுவருக்குப் பூசவோ?" என்று கேட்டான்.

தோல் நீக்கும் வழி அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எள்ளுப்பாகு செய்பவர்களுக்கு இது பழைய வேலை. அரிக்கன் சட்டியில் கல் மண் அரித்து, சில மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு உரலில் போட்டு மெதுவாகக் குத்தினால் தோல் கழலும். கழுவி, வெயிலில் காயவைத்து, சுளகில் புடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு. ஒரு கிலோவுக்கு அரைநாள் போய்விடும். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் செய்து போத்தலில் வைத்துக்கொள்கிறேன். இந்தப் பருப்பை இளஞ்சூட்டில் வறுத்து, வெடிக்கத் தொடங்கி நிறம் மாறுவதற்கு முன்பே இறக்க வேண்டும். சிவந்தால் கைக்கும். ஆறினபின் பிளெண்டரில் முதலில் தூளாகும், பிறகு கட்டியாகிச் சுற்றாமல் நிற்கும், நிறுத்தி நிறுத்தி அரைத்தால் எண்ணெய் விட்டு இளகும். இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு பிளெண்டரின் மோட்டாரை எரித்திருக்கிறேன். கடைக்காரர் உத்தரவாத அட்டையைப் பார்த்து, "எள்ளு அரைக்கிறதுக்கு உது இல்லைத் தம்பி" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அரைக்கும் ஒழுங்கு இப்போது கை தானாகச் செய்கிறது. மூன்று பல்லு உள்ளியை நசித்து இரண்டு தேசிக்காய்ப் புளியில் பத்து நிமிடம் போட்டுவைப்பேன். புளிப்பில் உள்ளியின் காட்டம் அடங்கிவிடும். அதில் 150 கிராம் அளவு தஹினி, உப்பு. தண்ணீர் முதல் கரண்டியிலேயே விழுது இறுகிக் களி மாதிரி ஆகும். பயப்படாமல் குளிர்த் தண்ணீரை இன்னும் விட்டால் வெளுத்து இளகும். பிறகுதான் கடலை. அதோடு இரண்டு ஐஸ்கட்டி. நல்லெண்ணெயை உள்ளே சேர்த்துப் பார்த்தேன், எள்ளுக்கு மேல் எள்ளாக மண்டையில் அடித்தது. மேலே ஒரு தேக்கரண்டி போதும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூட கறண்ட் இல்லாமல் இருந்தது, காஸும் இல்லை. அப்போது விறகடுப்பில் அவித்து அம்மியில் அரைத்தேன். அரபு நாடுகளிலும் முன்பு மரத்தால் இடித்துத்தான் செய்தார்கள். அம்மியில் அரைத்தது அவ்வளவு மைபோல வராது. ஆனால் உள்ளியும் எள்ளும் கல்லில் நசிந்து வருகிற வாசம் பிளெண்டரில் இல்லை. தோள்மூட்டு மட்டும் இரண்டு நாள் பேசும்.

சுவை சேர்ப்பதில் நான் செய்யாத கூத்து இல்லை. யாழ்ப்பாணத்துக் கறித்தூளை அப்படியே கலந்தது பச்சை வாடை அடித்தது. தேசிக்காய் விலை ஏறியிருந்த மாதத்தில் பழப்புளி விட்டேன், நிறமும் போனது குணமும் போனது. அவித்த பீற்றூட் பிள்ளைகளுக்குப் பிடித்தது, எனக்கு இனிப்பாக இருந்தது. நிலைத்தது ஒன்றுதான். நான்கு செத்தல் மிளகாய், ஒரு நெட்டு கறிவேப்பிலை, கொஞ்சம் நற்சீரகம். நல்லெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, கையால் நொறுக்கி, எண்ணெயோடு மேலே ஊற்றுவது. வாணிவிழாவுக்குத் தாளிக்கிற கடலையின் வாசம் அப்படியே வரும். எள்ளு முடிந்த ஒரு மாதத்தில் முல்லைத்தீவுக் கச்சானை வறுத்து அரைத்தும் செய்தேன். அருமையான சாமான், ஆனால் அதை ஹம்முஸ் என்று சொன்னால் அரபுக்காரர் கோபிப்பார்கள். இந்தச் சாப்பாட்டில் அவர்களுக்கு ரோசம் கூட. 2010இல் லெபனான்காரர் உலக சாதனைக்காகச் செய்த ஹம்முஸ் 10,452 கிலோ. அது அவர்கள் நாட்டின் சதுர கிலோமீற்றர் கணக்கு.

பிறிட்ஜில் நான்கு நாள் தாங்கும். கறண்ட் அடிக்கடி போகும் காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் நம்பவேண்டாம். குளிரில் இறுகினால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு அடித்தால் பழையபடி வரும்.

அம்மா இப்போது அதைப் புட்டுக்கும் தொட்டுக்கொள்கிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. மாமி வீட்டுக்குப் போகும் கிண்ணம் மட்டும் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. போன கிழமை அதில் இந்தப் போகத்து எள்ளு வந்தது, மேலே ஒரு தேசிக்காய். எள்ளை இன்னும் அரிக்கவில்லை.