தகரக் கூரை மண்டபத்துக்கு எந்த ஏர் ரைபிள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணத்தில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறவர்களுக்கு, குண்டைத் தள்ளும் விசைக்கு மூன்று வழி உண்டு: ஸ்பிரிங், கார்பன் டை ஆக்சைடு கேஸ், அழுத்தக் காற்று. நான் வாங்கியது அழுத்தக் காற்று. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எதை எடுத்தாலும் 1960 ஆயுதச் சட்டத்தில் ஏர் ரைபிளும் ஆயுதம்தான். முதலில் போலீஸ் லைசென்ஸ், பிறகுதான் ரைபிள்.

ஸ்பிரிங் மலிவு, சிலிண்டர் தொல்லை இல்லை. ஆனால் பெல்லட் (ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியேறுமுன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து ரைபிளை அசைத்துவிடும். பழைய ஃபைன்வெர்க்பாவ் 300 மாடலில் ரைபிள் தண்டவாளத்தில் சறுக்கி அந்த உதைப்பை விழுங்கிக்கொள்ளும். அதை நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் வேண்டாமென்று ஒதுக்க மாட்டேன்.

கேஸ் ரைபிள் பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெயில்தான் அதற்கு எமன். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் கேஸின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார் (அழுத்தத்தின் அலகு), 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவமே இருக்காது. எவ்வளவு நிரப்பினோமோ அதைப் பொறுத்து அழுத்தம் எகிறும். காலையில் சரிசெய்து வைத்த சைட் (குறிபார்க்கும் கருவி), மத்தியானம் தகரம் காய்ந்த பிறகு செல்லாது. குண்டின் வேகம் விநாடிக்கு 170 மீட்டரிலிருந்து 180க்கு ஏறினால் குறி ஏறக்குறைய 1.8 மி.மீ. மேலே போகும். பத்தாம் வளையமே 0.5 மி.மீ. பொட்டுதான், புள்ளியைப் பத்தாகப் பிரித்து எண்ணும் தசமக் கணக்கில் ஒரு குண்டுக்கு 0.7 புள்ளி போய்விடும். அடுத்தடுத்துச் சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து குறி கீழே இறங்கும்.

அழுத்தக் காற்றில் சிலிண்டர் 200 பாரில் இருந்தாலும் ரெகுலேட்டர் ஒரே அழுத்தத்தை அளந்து விடுகிறது. சூடு ஏறினாலும் வேகம் பெரிதாக மாறாது. நிரப்புவதில்தான் கவனம் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றைக் கைப்பம்பில் அடித்தால் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகும். வால்வு அரிக்கும், ரெகுலேட்டர் சீல் கெடும். டைவிங் கடையில் உலர்காற்று நிரப்பிய 12 லிட்டர் டேங்க் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதே மேல். மெதுவாக நிரப்புங்கள், வேகமாகத் திறந்தால் காற்று சூடாகி, ஆறியதும் மீட்டர் முள் இறங்கும். சாதாரண எண்ணெய் ஒரு சொட்டுகூட நிரப்பும் இடத்தில் படக்கூடாது, உயர் அழுத்தத்தில் தீப்பற்றும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

சற்று ஓய்வுக்குப் பிறகு சுடும் முதல் குண்டு மட்டும் மேலே போனால் ரெகுலேட்டர் சீல் கசிகிறது. எல்லாக் குண்டும் வரிசையாக இறங்கினால் சிலிண்டரில் காற்று போதவில்லை. இரண்டும் இல்லாமல் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறினால் பெல்லட்டைப் பாருங்கள்: 4.49, 4.50, 4.51 மி.மீ. தலை அளவுகளை ரைபிளைப் பிடிப்பானில் பூட்டிச் சோதித்து, குண்டுகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழும் அளவில் ஒரே பேட்ச் மொத்தமாக வாங்குங்கள்.

பழைய ரைபிள் என்றால் சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 10 வருஷம் தாண்டியது போட்டிக்கு ஆகாது. புது சிலிண்டர் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.